மூணு நோட்டும் ஒரு கம்ப்யூட்டரும்

கேள்வி: ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை, காரைக்குடியில் ஷோரூம் வைத்திருக்கிறோம். ஷோரூமில் ஆர்டரை எழுதி, பட்டறைக்குப் போனில் சொல்வோம். மேஸ்திரி தன் நோட்டில் குறித்துக்கொள்வார், கணக்குப்பிள்ளை பில்லுக்குத் தனியாக எழுதுவார். போன மாதம் மெரூன் கேட்டவருக்குச் சிவப்புக் கல் போய்விட்டது. சாஃப்ட்வேர் போட்டால் சரியாகும் என்கிறான் மகன். வேண்டாம் என்கிறார் கணக்குப்பிள்ளை. யார் சொல்வது சரி?
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: ரெண்டு பேரும் பாதி சரி. மூணு நோட்டையும் அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றினால், நோட்டில் நடந்த தப்பு இனி திரையில் நடக்கும், கூடவே வருஷா வருஷம் சாஃப்ட்வேர்காரருக்குக் கப்பம்.

முதலில் ஒரே ஒரு ஆர்டரைப் பிடித்து, வாங்க வந்தவர் "இந்தப் பூ, இந்தக் கலர்" என்று விரலை நீட்டுவதிலிருந்து கல் லாரியில் ஏறுவது வரை அதன் பின்னாலேயே போய்ப் பாருங்கள். கண்ணாடி மேல் அச்சை வைத்துக் கலர் ஊற்றுகிறவருக்குச் சிவப்பு என்றால் அவர் தினமும் கலக்குகிற சிவப்புதான். தப்பு அவர் கையில் இல்லை, போனில் இருக்கிறது.

இதே கூத்து ஃபோர்டு கம்பெனியிலும் நடந்திருக்கிறது, மேனேஜ்மென்ட் நிபுணர் மைக்கேல் ஹேமர் 1990-ல் எழுதிய கட்டுரையில் வரும். சரக்கு தந்தவர்களுக்குப் பணம் கொடுக்கிற பிரிவில், வட அமெரிக்காவில் மட்டும் 500 பேருக்கு மேல். கம்ப்யூட்டர் போட்டு 20 சதவீதம் ஆளைக் குறைக்கலாம் என்றுதான் ஆரம்பித்தார்கள். ஜப்பான் கார் கம்பெனி மாஸ்டாவில் பார்த்தால் அதே வேலைக்கு 5 பேர்! சின்னக் கம்பெனிதான், அதற்காக இவ்வளவா? ஆர்டர் சீட்டும், சரக்கு வந்த சீட்டும், பில்லும் ஒத்துப்போகாத இடங்களைத் துருவுவதிலேயே ஃபோர்டு ஆட்களின் பொழுது போயிருக்கிறது. கடைசியில் பில்லையே தூக்கிவிட்டார்கள். ஆர்டர் ஒரே பதிவில் இருக்கும், சரக்கு இறங்குகிற இடத்திலேயே ஒருவர் திரையைப் பார்த்துச் சரி என்றால் பணம் போய்விடும். ஆள் 75 சதவீதம் குறைந்தது.

உங்களுக்கு ஜிஎஸ்டி இருக்கிறது, பில்லைத் தூக்க முடியாது. ஆனால் ஒவ்வொரு பூவுக்கும் கலருக்கும் ஒரு நம்பர் போட்டு, அதே நம்பரோடு மாதிரிக் கல் ஒன்றை ஷோரூமிலும் ஒன்றைப் பட்டறையிலும் வையுங்கள், இதற்குக் கம்ப்யூட்டரே வேண்டாம். அப்புறம், வாங்குபவர் எதிரிலேயே ஒரு தடவை பதிவது, பட்டறையும் பில்லும் லாரியும் அதையே பார்ப்பது, இதற்குத்தான் சாஃப்ட்வேர். கல் தண்ணீரில் ஊறுகிற நாளை அது குறைக்காது, ஆர்டர் நோட்டில் ஊறுகிற நாளைக் குறைக்கும்.

கணக்குப்பிள்ளையை ஓரங்கட்டாதீர்கள். பர்மா வரைக்கும் கடை வைத்து ஐந்தொகை போட்ட செட்டிநாட்டுச் சீமைக்குக் கணக்கு பயமில்லை, அவருக்கு நாற்காலி போய்விடுமோ என்றுதான் பயம். அது போகாது என்று முதலிலேயே சொல்லிவிட்டு, ஆர்டர் பின்னால் போகும்போது அவரையும் கூட்டிப்போங்கள், எந்தச் சீட்டு எதற்கு என்று அவருக்குத்தான் தெரியும். வழி முடிவானபிறகு சாஃப்ட்வேர்காரரைக் கூப்பிட்டு, "இதைச் செய்து தர எவ்வளவு?" என்று கேளுங்கள். அவர் பையில் என்ன கொண்டுவந்திருக்கிறார் என்று அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.