ஒரு சாண் உயரம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஒரு சரித்திர நாவலைப் படித்த வேகத்தில் பொங்கல் விடுமுறைக்குக் குடும்பத்தோடு கோடியக்கரை போனோம். ஏமாற்றம்தான் சார். ஒரு பக்கம் சேறு, ஒரு பக்கம் முள். கடற்கரையில் ஒரு டீக்கடைகூட இல்லை, ஆளே இல்லை. பூநாரை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. முக்கால் மணி நேரத்தில் திரும்பிவிட்டோம். அம்மா மட்டும் இன்னொரு முறை போகலாம் என்கிறார். அவருக்கு எழுபது வயது, மூட்டு வலி. அங்கே நடத்திக் கூட்டிப்போக முடியுமா? எந்த மாதம் நல்லது, எந்த பைனாகுலர் வாங்கலாம்? அப்புறம், சதுப்பின் குறுக்கே கடல்வரை கான்கிரீட் நடைபாலம் கேட்டு ஒரு மனு தயாரிக்கிறேன். நீங்களும் கையெழுத்துப் போட வேண்டும்.

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

அம்மாவைத் தாராளமாகக் கூட்டிப்போங்கள். அவரால் முடியும். உங்களால் முடியுமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். கொஞ்ச நாளாகவே மனதில் ஓடிக்கொண்டிருந்த ஒரு விஷயத்தில் உங்கள் கடிதம் வந்து மாட்டிக்கொண்டது. நமக்கு மலையைப் பார்க்கத் தெரியும். கொடைக்கானல் போனால் வாயைப் பிளந்துகொண்டு நிற்போம். நிலம் தட்டையாகக் கிடந்தால் மட்டும் 'ஒன்றுமில்லை' என்று வண்டியைத் திருப்பிவிடுவோம்.

ஆளில்லை என்ற குறையை விடுங்கள், அது பழைய குறை. அங்கே கோயில் கொண்டிருக்கும் சிவன் கோடிக்குழகரைப் பார்த்த சுந்தரரே, கடற்காற்று மோதும் இந்தக் கரையில் இப்படித் தனியாக இருக்கிறாயே, பக்கத்தில் ஒரு குடி இருந்தால் ஆகாதா என்று மனம் பொறுக்காமல் பாடியிருக்கிறார். டீக்கடை கேட்கவில்லை. பைனாகுலர் 8×42 போதும். நவம்பரிலிருந்து ஜனவரி வரை நல்ல காலம். நீங்கள் போனதும் நல்ல காலத்தில்தான். பூநாரை வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்து நிற்காது, அவ்வளவுதான். நாவலில் வரும் காலத்தைத் தேடுவதும் வீண். சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட கலங்கரை விளக்கம் 2004 சுனாமியில் விழுந்து, இப்போது அடிப்பகுதிதான் மிச்சம்.

என் பெரியப்பா அகஸ்தியம்பள்ளிப் பக்கம் உப்பளத்தில் கணக்கு எழுதியவர். அவருக்கும் மூட்டு வலி. ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னைக் கூட்டிக்கொண்டு பாத்திகளைத் தாண்டி, சதுப்பின் ஓரமாகவே கடல்வரை நடப்பார். நான் முன்னால் ஓடுவேன். 'எங்கடா ஓடுற, கடல் எங்கயும் போயிடாது' என்பார். வரப்பில் ஒரு இடத்தில் நின்றுவிடுவார். நின்றால் நின்றதுதான், பத்து நிமிடம் ஆகும். எனக்கு எரிச்சலாக இருக்கும். அவர் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். உமரிச் செடி முளைத்த இடத்தில் கால் வை, மண் தாங்கும். வெள்ளையாகப் பூத்து மினுக்குகிற இடத்தில் வைக்காதே, மேலேதான் காய்ந்திருக்கும், அடியில் முழங்கால் சேறு என்று சொல்லிக்கொடுத்தது அவர். நான் ஒருமுறை கேட்காமல் வைத்து ஒரு செருப்பை இழந்தேன். அவர் இழுத்துக்கூட விடவில்லை, சிரித்துக்கொண்டு நின்றார்.

உமரியில் ஒரு கணுவைக் கிள்ளி வாயில் போட்டுப் பாருங்கள். கரிக்கும். மண்ணிலிருந்து உறிஞ்சும் உப்பைத் தண்ணீரோடு சேர்த்துத் தன் சதையிலேயே வைத்துக்கொள்ளும் செடி அது. வெயில் ஏறி மண்ணில் உப்பு கூடக்கூடச் சிவந்துபோகும். எங்கள் வீட்டில் அதை வேகவைத்து, நீரை வடித்து, இறால் போட்டுச் சமைப்பார்கள். உப்பு மட்டும் போடமாட்டார்கள்.

சரி, இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். கோடியக்கரையிலேயே உயரமான இடம் இராமர் பாதம் இருக்கும் மேடு. கடல் மட்டத்திலிருந்து அது எவ்வளவு உயரம் தெரியுமா? சுமார் 4 மீட்டர். உங்கள் வீட்டு மாடியைவிட அதிகமிருக்காது. அந்தச் சிகரத்துக்குக் கீழேதான் காடு, புல்வெளி, வெளிமான், சதுப்பு, உப்பங்கழி எல்லாம். அங்கே ஒரு சாண் ஏறினால் வேறு ஊர். தண்ணீர் தேங்கும் தாழ்வில் வெறும் சேறு. அதில் ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக உள்ள சின்ன நண்டுகள். ஒரு சாண் மேலே உமரி. இன்னும் கொஞ்சம் மேலே புல்லும் முள்ளும், நடுநடுவே எல்லாவற்றையும் விழுங்கப் பார்க்கும் சீமைக் கருவேலம். அதையும் தாண்டினால் மணல்மேடு. மேட்டின் கடல் பக்கச் சரிவில் அடும்புக் கொடியும் இராவணன் மீசைப் புல்லும். கொடைக்கானலில் ஆயிரக்கணக்கான அடி ஏறிப் பார்க்கிற மாற்றம் இங்கே உங்கள் முழங்காலுக்குக் கீழே நடக்கிறது. நீங்கள் அதைக் காரின் கண்ணாடி வழியாகப் பார்த்தீர்கள்.

ஒரு சாண் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் மழைநீர் இந்தத் தட்டை நிலத்தில் பரவி நிற்கும். கோடையில் வற்றும். தென்மேற்குக் காற்று வலுத்தால் கடல்நீரைத் தள்ளிக்கொண்டு வந்து சேற்றின்மேல் விடும். அது காய்ந்தால் உப்பு, யாரும் விளைவிக்காமல் தானாகப் படியும். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து, உங்கள் ஊரிலிருந்துதான், தொண்டர்களோடு பக்கத்திலுள்ள வேதாரண்யத்துக்கு நடந்துவந்து, 30ஆம் தேதி குனிந்து அள்ளியது அந்த உப்பைத்தான். வெள்ளைக்காரன் வரி போட்ட அந்த நிலத்துக்குத்தான் நீங்கள் ஒன்றுமில்லை என்று சான்றிதழ் கொடுக்கிறீர்கள்.

தண்ணீர் எங்கே நிற்கும், எங்கே ஓடும் என்பதை அங்கே அந்த ஒரு சாண்தான் முடிவுசெய்கிறது. கொசு உள்ளான் என்றொரு பறவை, எடை சுமார் 25 கிராம், ஆர்க்டிக் கரையிலிருந்து பறந்துவருகிறது. அதன் கால் விரல் நீளம்தான். அந்தக் கால் மூழ்காத ஆழத்தில், ஈரமான சேற்றில்தான் அதற்குச் சாப்பாடு. நீர் நாலு விரற்கடை ஏறினால் பட்டினி, வற்றி இறுகினாலும் பட்டினி. இதன் நடுவே நீங்கள் பாலத்துக்குத் தூண் இறக்குவீர்கள். தூண் இறக்க லாரி வர வேண்டும், லாரி வர மண்ணடித்துப் பாதை போட வேண்டும். பாதை ஒரு சாண் உயரம் இருந்தால் போதும், ஒரு பக்கம் குட்டை, மறுபக்கம் பொட்டல். வேலை முடிந்ததும் ஒப்பந்தக்காரர் அந்த மண்ணைத் திரும்ப அள்ளிக்கொண்டு போவார் என்று நம்புகிறீர்களா? சேற்றில் ஒரு ஜீப் ஏறி இறங்கிய தடமே லேசில் மறையாது. மழைத் தண்ணீர் அதையே வாய்க்காலாக்கிக்கொண்டு ஓடும். கஜா புயல் 2018 நவம்பரில் அந்தக் காட்டையே சாய்த்துப் போட்டது. காடு துளிர்க்கிறது. கான்கிரீட்டை அப்படி உதறிவிட்டு எழுந்துகொள்ள அந்தச் சேற்றுக்குத் தெரியாது.

வனத்துறையிடம் கேட்டு, அவர்கள் விடுகிற பாதையில் மட்டும் போங்கள். விடியற்காலையில் போங்கள். அம்மாவுக்கு ஒரு ஊன்றுகோல், உட்கார ஒரு மடக்கு நாற்காலி. அவர் நிற்கும் இடத்தில் எல்லாம் நீங்களும் நில்லுங்கள். நேரமாகிவிட்டது என்று மட்டும் சொல்லாதீர்கள். கடல்வரை போய்ச் சேராவிட்டாலும் பரவாயில்லை.

மனுவில் நான் கையெழுத்துப் போடமாட்டேன். நீங்கள் அதை அனுப்பினால், எதிர்த்து முதல் மனு என்னுடையதாக இருக்கும்.

அன்புடன்.