எம்.ஆர்.ஐ. காந்தத்தை இரவில் ஏன் அணைத்து வைப்பதில்லை?

"நோயாளிகள் யாரும் வராத இரவு நேரத்திலும் எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் காந்தம் முழு வலிமையோடு இருக்கும் என்கிறார்கள். அணைத்து வைத்தால் மின்கட்டணம் மிச்சமாகாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பதினோரு ஆண்டுகள் இந்த இயந்திரங்களைப் பராமரிக்கும் பொறியாளராக ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, இப்போது ஒரு கல்லூரியில் இயற்பியல் பாடம் நடத்துகிறேன். நீங்கள் கேட்பதை ஒரு மருத்துவமனை செய்தே பார்த்துவிட்டது என்பதால், அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு பொங்கல் விடுமுறைக்கு முன்பு, மின்கட்டணத்தைப் பார்த்து மலைத்துப்போன அந்த மருத்துவமனையின் நிர்வாகி, ஸ்கேன் பிரிவில் எல்லாவற்றையும் அணைத்துவிடும்படி காவலாளியிடம் சொல்லியிருக்கிறார். அவரும் பின்பக்க அறையில் ஓடிக்கொண்டிருந்த கம்ப்ரசரின் பிரேக்கர் உட்பட எல்லாவற்றையும் இறக்கிவிட்டார். நான்காம் நாள் என்னை அழைத்தார்கள். போய்ப் பார்த்தபோது, எப்போதும் கேட்கும் 'சிக்... சிக்...' என்ற சத்தம் இல்லாமல் அறை அமைதியாக இருந்தது. விளக்கு, கணினி, குளிர்விப்பான் எதற்கும் நான்கு நாட்களாக மின்சாரம் இல்லை. ஆனால் ஒரு நூலில் பேப்பர் கிளிப்பைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு இயந்திரத்தை நெருங்க நெருங்க, அந்தக் கிளிப் செங்குத்தாகத் தொங்காமல், யாரோ பிடித்து இழுப்பதுபோல இயந்திரத்தின் வாயை நோக்கிச் சாய்ந்துகொண்டே வந்தது. காந்தம் அப்படியே இருந்தது. குறைந்திருந்தது காந்தத்தைக் குளிராக வைத்திருக்கும் திரவ ஹீலியம் மட்டுமே. மீட்டரில் பத்து விழுக்காட்டுக்கும் மேல் இறங்கியிருந்தது. அதை மீண்டும் நிரப்ப ஆன செலவு, அந்த நான்கு நாட்களில் மிச்சமான மின்கட்டணத்தைப்போலப் பல மடங்கு.

ஆக, உங்கள் கேள்விக்கு நேரான பதில் இதுதான்: அந்தக் காந்தம் மின்சாரத்தைச் செலவழித்துக்கொண்டு 'ஓடவில்லை', ஆகவே அணைப்பதால் மிச்சமாகவும் ஒன்றுமில்லை. மின்சாரம் செலவாவது அதைக் குளிராக வைத்திருப்பதற்குத்தான்.

இயந்திரத்தின் உள்ளே நியோபியம்–டைட்டானியம் கலப்புலோகத்தின் மெல்லிய இழைகளைத் தாமிரத்தில் பொதித்துச் செய்த கம்பி, பல கிலோமீட்டர் நீளத்துக்குச் சுருளாகச் சுற்றப்பட்டிருக்கிறது. ஏறத்தாழ 9 கெல்வினுக்கு (மைனஸ் 264 டிகிரி செல்சியஸ்) கீழே இந்தக் கலப்புலோகம் மீக்கடத்தியாகிவிடும். அதாவது, அதன் மின்தடை மிகச் சிறியதாகிவிடுவதில்லை, இல்லாமலே போய்விடுகிறது. நெதர்லாந்தின் லெய்டன் நகரில் 1908-இல் ஹீலியத்தை முதன்முதலாகத் திரவமாக்கிய காமர்லிங் ஓன்னஸ், 1911-இல் பாதரசத்தைக் குளிர்வித்துக்கொண்டே போனபோது, 4.2 கெல்வின் அருகே அதன் மின்தடை சட்டென மறைந்ததைக் கண்டார். திரவ ஹீலியத்தின் கொதிநிலையும் அதே 4.2 கெல்வின், அதாவது மைனஸ் 269 டிகிரி செல்சியஸ். (அந்த ஹீலியம் என்ற தனிமத்தின் கதை தொடங்கியதும் அன்றைய சென்னை மாகாணத்தில்தான். 1868 ஆகஸ்ட் 18 அன்று நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தை, பிரெஞ்சு வானியலாளர் ஜான்சன் குண்டூரிலும், சென்னை வானாய்வகத்தின் போக்சன் மசூலிப்பட்டினத்திலும் இருந்து, ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைமானியால் ஆராய்ந்தார்கள். ஹீலியத்தினுடையது என்று பின்னர் அறியப்பட்ட மஞ்சள் கோடு அந்த ஒளியில் இருந்தது.)

காந்தத்தை ஏற்றும் வேலையை நாங்கள் 'ரேம்ப்' செய்வது என்போம். சுருளின் இரு முனைகளையும் இணைக்கும் ஒரு சிறு மீக்கடத்தித் துண்டை ஒரு ஹீட்டரால் சற்றே சூடாக்கினால், அந்தத் துண்டு மட்டும் மீக்கடத்தும் தன்மையை இழந்து மின்தடை பெறும். அதனால் வெளியிலிருந்து செலுத்தும் மின்னோட்டம் குறுக்குவழியில் போகாமல் சுருளுக்குள் போகிறது. மெதுவாகப் பல நூறு ஆம்பியர் வரை ஏற்றிய பிறகு ஹீட்டரை அணைத்துவிடுவோம். துண்டு குளிர்ந்து மீக்கடத்தியாகும், வளையம் மூடிக்கொள்ளும். கண்மாயை நிரப்பிவிட்டு மடையை அடைப்பது போன்ற வேலை இது. பிறகு மின்வழங்கியைக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு நாங்கள் ஊருக்குத் திரும்பிவிடுவோம். உள்ளே மின்னோட்டம் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும். கம்பிகளை இணைத்த இடங்களில் எஞ்சும் மிக நுண்ணிய தடையால் அது தேயும் வேகம், மணிக்கு ஒரு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்பதே வழக்கமான அளவுகோல். அந்தக் கணக்கில் பார்த்தால் ஓர் ஆண்டு முழுவதும் போனாலும் ஆயிரத்தில் ஒரு பங்குகூடக் குறையாது.

இத்தனை வலிமையான காந்தத்தில் சேமிக்கப்பட்டிருக்கும் ஆற்றல் எவ்வளவு என்று வகுப்பில் கேட்டால், மாணவர்கள் ஆயிரக்கணக்கில் யூனிட் சொல்வார்கள். 1.5 டெஸ்லா (டெஸ்லா என்பது காந்தப்புல வலிமையின் அலகு) காந்தம் ஒன்றில் இருப்பது மூன்று நான்கு மெகாஜூல், அதாவது ஏறத்தாழ ஒரே ஒரு யூனிட் மின்சாரம். அதன் காந்தப்புலம் பூமியின் காந்தப்புலத்தைப்போல முப்பதாயிரம் மடங்கு என்பதையும் சேர்த்துச் சொன்னால் யாரும் நம்புவதில்லை, பலகையில் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டியிருக்கிறது.

செலவு எங்கே என்றால், குளிரில். காந்தத்தின் தலைமேல் உட்கார்ந்து அந்த 'சிக்... சிக்...' சத்தத்தை எழுப்பும் 'கோல்டு ஹெட்' என்ற குளிர்விப்புக் கருவி, 4.2 கெல்வினில் ஒன்று ஒன்றரை வாட் வெப்பத்தை வெளியேற்றுவதற்கு, அதன் கம்ப்ரசர் ஏழு கிலோவாட் அளவுக்கு மின்சாரம் இழுக்கிறது. இதைப் பொறியாளர்களின் திறமைக்குறைவு என்று நினைத்துவிட வேண்டாம். அவ்வளவு தாழ்ந்த வெப்பநிலையிலிருந்து அறை வெப்பநிலைக்கு ஒரு வாட் வெப்பத்தைத் தூக்கிவிட, குறைபாடே இல்லாத கற்பனை இயந்திரத்துக்கும் எழுபது வாட் தேவை என்று வெப்ப இயக்கவியல் விதித்திருக்கிறது. அந்தக் கம்ப்ரசரைத்தான் நம் காவலாளி நிறுத்தினார். அது நின்றதும் ஹீலியம் மெல்லக் கொதித்து, பாதுகாப்பு வால்வு வழியாக வெளியேறியது. இன்னும் பல நாட்கள் விட்டிருந்தால் கம்பியின் ஏதோ ஓரிடம் சூடாகி, அங்கே மின்தடை தோன்றி, சேமித்த ஆற்றல் முழுவதும் சில நொடிகளில் வெப்பமாகியிருக்கும். 'குவென்ச்' என்பது அதுதான். அப்போது திரவ ஹீலியம் எழுநூறு மடங்குக்கும் மேல் விரிந்து வாயுவாகிக் கூரைக்குழாய் வழியே சீறிக்கொண்டு வெளியேறும். குழாயில் அடைப்பு இருந்தால் அறையில் உள்ளவர்களுக்கு மூச்சுவிட ஆக்சிஜன் இருக்காது. அவசரத்தில் அழுத்தும் சிவப்புப் பொத்தான் செய்வதும் இதையேதான் என்பதால், இரவுதோறும் அழுத்தும் பொத்தான் அன்று அது.

இந்தக் கேள்வியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வராததற்கு வேறொரு காரணமும் உண்டு. 2018 ஜனவரியில் மும்பையில் ஒரு மருத்துவமனையின் எம்.ஆர்.ஐ. அறைக்குள் ஆக்சிஜன் சிலிண்டரோடு நுழைந்த இளைஞர் ஒருவர், காந்தம் சிலிண்டரை இழுத்ததில் உயிரிழந்தார். இயந்திரம் அணைந்திருக்கிறது என்று ஊழியர் சொன்னதாக உறவினர்கள் கூறியது அப்போது செய்திகளில் வந்தது. திரை இருட்டாக இருந்தால் காந்தமும் இல்லை என்று நினைப்பது எவருக்கும் இயல்பாக வரும் பிழை. பள்ளியில் நாம் ஓமின் விதியைக் கற்றுக்கொடுக்கும் விதமே, மின்கலம் இல்லாமல் மின்னோட்டம் இருக்க முடியும் என்பதை நினைத்துப் பார்க்க விடுவதில்லை என்பது என் எண்ணம்.

ஆகவே மீக்கடத்தியை நான் ஏ.சி. மெக்கானிக் கடையில் கிடைக்கும் தாமிரக் குழாயிலிருந்து தொடங்குகிறேன். ஒரு மீட்டர் குழாயைச் செங்குத்தாகப் பிடித்து, உள்ளே ஒரு சிறு நியோடிமியம் காந்தத்தைப் போட்டால், அரை நொடியில் விழவேண்டிய அது பல நொடிகள் கழித்து, தேனுக்குள் இறங்குவதுபோல மெல்ல இறங்கி வருகிறது. தாமிரம் காந்தத்தில் ஒட்டாது என்பதை முதலில் தொட்டுக் காட்டிவிட வேண்டும், இல்லையென்றால் காந்தம் குழாயில் ஒட்டிக்கொண்டு வருவதாக மாணவர்கள் அடம்பிடிப்பார்கள். நகரும் காந்தம் குழாயின் சுவரில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது, அது காந்தத்தின் நகர்வையே எதிர்க்கிறது; இந்த லென்ஸ் விதி பன்னிரண்டாம் வகுப்பிலேயே வந்துவிட்டதால், இதுவரை விளக்குவது எளிது. பிறகுதான் முக்கியமான கேள்வி: சுழல் மின்னோட்டம் எதிர்த்துத் தள்ளுகிறது என்றால், காந்தம் ஏன் விழுகிறது? தாமிரத்தின் மின்தடை அந்த மின்னோட்டத்தைத் தின்றுகொண்டே இருப்பதால்.

அடுத்து, குழாயின் ஒரு சிறு துண்டைத் தெர்மாகோல் பெட்டியில் திரவ நைட்ரஜனில் முக்கி எடுத்து மீண்டும் காந்தத்தைப் போடுவோம். (திரவ நைட்ரஜன் எங்கே கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு: கால்நடை மருத்துவமனைகளில் உறைவிந்துக் குச்சிகளை அதில்தான் வைத்திருக்கிறார்கள்.) 77 கெல்வினில் தாமிரத்தின் மின்தடை அறை வெப்பநிலையில் இருப்பதில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகிவிடுவதால், காந்தம் நத்தைபோல நகர்கிறது. தடையே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று நான் கேட்பதற்குள், கடைசி பெஞ்சிலிருந்து யாராவது "விழவே விழாது, சார்" என்று சொல்லிவிடுவார்கள். அந்தப் பதில் வந்த பிறகு எம்.ஆர்.ஐ. காந்தத்தைப் பற்றிச் சொன்னால், யாரும் மின்கட்டணத்தைக் கேட்பதில்லை.

ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிட வேண்டும். பிரான்சின் சாக்லேயில் உள்ள 'இஸல்ட்' என்ற 11.7 டெஸ்லா இயந்திரம், 2024-இல் மனித மூளையின் முதல் படங்களை வெளியிட்டது. 132 டன் எடை, 182 கிலோமீட்டர் கம்பி, சுமார் 1,500 ஆம்பியர். அத்தனை வலிமையான புலத்தில் நியோபியம்–டைட்டானியம் 4.2 கெல்வினில் தாக்குப்பிடிக்காது என்பதால், அதை 1.8 கெல்வினுக்குக் குளிர்வித்திருக்கிறார்கள். மருத்துவமனை இயந்திரங்களைப்போல வளையத்தை மூடிவிட்டுப் போகாமல், அதன் மின்வழங்கியை எப்போதும் இணைத்தே வைத்திருக்கிறார்கள். அதில் சேமிக்கப்பட்டிருக்கும் 338 மெகாஜூலும், தமிழ்நாட்டு வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டை எட்டாது.

இன்னொரு பக்கம், ஹீலியத்தின் விலையும் தட்டுப்பாடும் நெருக்கியதில், 1,500 லிட்டருக்குப் பதிலாக ஏழு லிட்டர் ஹீலியத்தை நிரந்தரமாக மூடி முத்திரையிட்ட 1.5 டெஸ்லா காந்தங்களை 2018 முதல் பிலிப்ஸ் நிறுவனம் விற்கிறது. இவற்றில் ஹீலியத்தை இழக்காமலே காந்தத்தை இறக்கி மீண்டும் ஏற்ற முடியும் என்பதால், நீங்கள் கேட்டது முன்போல அசாத்தியமானதும் அன்று. ஆனாலும் தினமும் யாரும் இறக்கப்போவதில்லை. இறக்கி ஏற்றினால் புலம் நிலைப்படும்வரை காத்திருக்க வேண்டும், கிடைப்பதோ அந்த ஒரு யூனிட்தான். மின்சாரத்தை மிச்சப்படுத்த விரும்பும் மையங்கள், படமெடுக்காத நேரத்தில் கிரேடியன்ட் பெருக்கிகளையும் (படமெடுக்கும்போது காந்தப்புலத்தை இடத்துக்கு இடம் மாற்றும் சுருள்களுக்கு மின்னோட்டம் தருபவை) கணினிகளையும் உறக்கநிலையில் வைக்கலாம். கம்ப்ரசரில் மட்டும் கை வைக்கக் கூடாது.

அடுத்த முறை ஸ்கேன் அறையில் படுக்க நேர்ந்தால், 'டம டம' என்று இடி இடிப்பதற்கு முன்பே, நொடிக்கொரு முறை 'சிக்... சிக்...' என்று ஒரு மெல்லிய சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். நீங்கள் எழுந்து வீட்டுக்குப் போன பிறகும், இரவு முழுவதும் மின்சாரத்தை உண்டுகொண்டிருப்பது அதுதான்.