பூட்டுக்குச் சந்தா கட்ட வேண்டுமா?

கேள்வி: எங்கள் குழுவில் 12 பேர். வரவு செலவுக் கணக்கை ஒரு எக்செல் கோப்பில் போட்டு மின்னஞ்சலில் சுற்றுக்கு விடுகிறோம். யாராவது ஒருவர் ஃபார்முலாவை அழித்துவிடுகிறார். எது கடைசிப் பிரதி என்பதும் தெரிவதில்லை. எல்லோரும் பார்க்கலாம், அவரவர் பகுதியை மட்டும் திருத்தலாம் என்று வைக்க முடியுமா? ஆளுக்கொரு சந்தா வாங்கினால்தான் முடியும் என்கிறார் ஒரு விற்பனையாளர்.

பதில்: வாங்காதீர்கள். நீங்கள் கேட்பது இலவச கூகுள் கணக்கிலேயே நடக்கும்.

கோப்பை கூகுள் ஷீட்ஸில் ஏற்றி, 'ஷேர்' வழியாக ஒவ்வொருவரையும் மின்னஞ்சல் முகவரியோடு சேருங்கள். பார்த்தால் போதும் என்பவர் 'வியூவர்', எழுத வேண்டியவர் 'எடிட்டர்'. லிங்க் கிடைத்த எவரும் திருத்தலாம் என்று விட்டீர்களானால், கை வைத்தது யார் என்றே தெரியாமல் போகும்.

எடிட்டர் ஆகிவிட்டவர் கோப்பு முழுவதிலும் கை வைக்கலாம்; அதைத்தான் கட்டுப்படுத்த வேண்டும். ஆளுக்கு ஒரு ஷீட் ஒதுக்குங்கள். 'டேட்டா' மெனுவில் 'புரொடெக்ட் ஷீட்ஸ் அண்ட் ரேஞ்சஸ்' போய், அந்த ஷீட்டுக்கு அவர் பெயரை மட்டும் டிக் செய்யுங்கள். கூட்டல் நடக்கும் ஷீட் உங்களுக்கு மட்டும். ஒரே ஷீட்டில்தான் எல்லோரும் எழுத வேண்டுமென்றால் பத்தி பத்தியாகவும் பூட்டலாம், ஆனால் 12 பேருக்கு அது தலைவலி. எச்சரிக்கை மட்டும் காட்டும் வசதியும் உண்டு. படிக்காமலே 'ஓகே' தட்டுகிறவர்களிடம் அது பலிக்காது. எடிட்டர்கள் தாங்களாகப் புது ஆளைச் சேர்க்கும் உரிமை முதலிலேயே திறந்திருக்கும். ஷேர் பெட்டியின் பல்சக்கரக் குறியில் அதை அணைத்துவிடுங்கள். அப்படியும் ஏதாவது அழிந்தால் 'வெர்ஷன் ஹிஸ்டரி'யில் பழையது இருக்கும்.

எக்செலே வேண்டுமென்றால் மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவில் ஏற்றி, பிரவுசரில் காசில்லாமல் சேர்ந்து திருத்தலாம். ஆனால் எக்செலில் சாதாரண ஷீட் பூட்டு ஆள் பார்ப்பதில்லை, எல்லோருக்கும் ஒன்றுதான். எல்லாக் கட்டங்களும் 'லாக்டு' என்றே தொடங்கும் என்பதால், நிரப்ப வேண்டியவற்றை முதலில் விடுவித்துவிட்டுப் பிறகு பூட்டுங்கள்.

இந்தப் பூட்டெல்லாம் கைத்தவறுக்குத்தான், ரகசியத்துக்கு அல்ல. பார்க்க முடிகிறவர் நகல் எடுத்தால், மறைத்து வைத்த ஷீட்டும் அதில் திறந்துகொள்ளும். சம்பள விவரம் போன்றவற்றைத் தனிக் கோப்பில் வைத்து, அதைப் பகிராமல் விடுங்கள்.

கூகுள் தரும் இலவச 15 ஜிபி இடம் போதாதபோதும், உறுப்பினர்களின் கணக்குகளை நீங்களே நிர்வகிக்க வேண்டியிருக்கும்போதும் சந்தாவை யோசிக்கலாம். இவற்றில் உங்களுக்கு எது தேவை என்று அந்த விற்பனையாளரிடமே கேளுங்கள்.