கிளாக்கோமா ஆராய்ச்சிக்கு எம்.பி.பி.எஸ். வேண்டுமா?

உங்கள் கடிதத்தில் இரண்டு கவலைகள் பின்னிக் கிடக்கின்றன, சார். உங்கள் அம்மாவுக்குக் கிளாக்கோமாவால், அதாவது பார்வை நரம்பு மெல்ல அழியும் நோயால், பார்வை போனது ஒன்று. அந்த நோயைத்தான் ஆராய்ச்சி செய்வேன் என்று நிற்கும் மகளுக்கு நீட் மதிப்பெண் வராதது இன்னொன்று. இன்னொரு வருடம் கோச்சிங்கில் சேர்க்கலாமா என்று கேட்கிறீர்கள். ஆராய்ச்சிக்காக மட்டும் என்றால் வேண்டாம்.

அம்மாவின் கண் அழுத்தத்தைப் பரிசோதித்தபோது “பிரஷர் 18தான், நார்மல்” என்று சொல்லி அனுப்பியதாக எழுதியிருக்கிறீர்கள். 21 மி.மீ. பாதரசம் வரை சரி என்பது எல்லோருக்கும் பொதுவாகப் போட்ட கோடு. ஜப்பானின் தஜிமி நகரில் நடந்த ஆய்வில், திறந்தகோணக் கிளாக்கோமா என்ற பரவலான வகை இருந்தவர்களில் 92 சதவீதம் பேருக்கு அழுத்தம் அந்தக் கோட்டைத் தாண்டவே இல்லை. போதாக்குறைக்கு, கருவிழி மெலிந்தவருக்குக் கருவி அழுத்தத்தைக் குறைத்துக் காட்டும். தடித்தவருக்குக் கூட்டிக் காட்டும்.

ஒளியால் கண்ணின் உட்படலங்களைப் படமெடுக்கும் ஓசிடி ஸ்கேனிலும் இதே சிக்கல்தான். பார்வை நரம்பைச் சுற்றியுள்ள நரம்பிழைப் படலத்தை மைக்ரான் கணக்கில் அளந்து, இயந்திரத்தில் ஏற்கெனவே ஏற்றிவைத்த சில நூறு பேரின் அளவுகளோடு ஒப்பிட்டு, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் காட்டும். அந்தச் சில நூறு பேரில் கடுமையான கிட்டப்பார்வை உள்ளவர்களைப் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. அதனால் கனத்த கண்ணாடி போட்ட கல்லூரிப் பையனுக்கு நோயே இல்லாமல் சிவப்பு விழலாம். கண் மருத்துவர்கள் இதற்கு ‘ரெட் டிசீஸ்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள்! சிங்கப்பூர் கண் ஆராய்ச்சி நிலையத்தில் ஒருவரின் வயது, கிட்டப்பார்வை, பார்வை நரம்புத் தலையின் அளவு, ரத்தக்குழாய்கள் எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்து, இந்தக் கண்ணுக்கு இவ்வளவு தடிமன் இருக்க வேண்டும் என்று ஆளுக்கு ஆள் தனி அளவு கணிக்கும் வேலை நடந்திருக்கிறது.

இந்த வேலைக்கு என்ன படிப்பு வேண்டும்? புள்ளியியல், ஒளியியல், கொஞ்சம் புரோகிராமிங். உங்கள் மகள் கணக்கில் 98 வாங்கியிருக்கிறாள் என்பதைக் கடிதத்தின் கடைசி வரியில் போகிறபோக்கில் சொல்கிறீர்கள். நான் முதலில் பார்த்ததே அதைத்தான்.

நோயாளிகளோடு பழக ஆசை என்றால் பி.ஆப்டம் என்ற கண் பரிசோதனைப் பட்டப்படிப்பு. எந்திரத்தைப் பிரித்துப் பார்க்கும் குணம் என்றால் பயோமெடிக்கல் இன்ஜினியரிங். எண்களோடு மட்டும் இருப்பேன் என்றால் இயற்பியல் அல்லது புள்ளியியல் பட்டம். என்னைக் கேட்டால் முதல் இரண்டில் ஒன்று, ஏனென்றால் ஆராய்ச்சி கசந்துபோனாலும் கையில் வேலை இருக்கும். முதுகலைக்குப் பிறகு மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா, ஹைதராபாத் எல்.வி. பிரசாத் என்று ஆராய்ச்சிப் பிரிவு உள்ள கண் மருத்துவமனைகளைப் பார்க்கலாம்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2023-இல் உயர்த்தியபின் பிஎச்.டி. செய்பவர்களுக்கான மத்திய அரசின் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். பிஎச்.டி. முடிக்க இருபத்தெட்டு, இருபத்தொன்பது வயதாகிவிடும். அதுவரை பக்கத்து வீட்டுப் பையனின் ஐ.டி. சம்பளத்தோடு ஒப்பிடாமல் இருக்க வீட்டில் உங்களால் முடியுமா? அப்புறம், மருந்து எழுதுவதும் அறுவை சிகிச்சையும் டாக்டர் வேலை. ‘நானே வைத்தியம் பார்க்க வேண்டும்’ என்பதுதான் மகளின் உண்மையான ஆசை என்றால், நீட்டை இன்னொரு முறை எழுதட்டும். இதை அவளிடமே கேளுங்கள்; பதிலை நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள்.

சரி, நீங்கள் கேட்காத ஒன்று. உங்களுக்கு வயது 48. பெற்ற தாய்க்கு இருந்த நோய். ஆபத்து மற்றவர்களைவிட உங்களுக்குப் பல மடங்கு அதிகம். தமிழ்நாட்டில் எடுத்த கணக்கெடுப்புகளில் கிளாக்கோமா இருந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு அது இருப்பதே தெரிந்திருக்கவில்லை. இந்த மாதமே போய், கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பார்வை நரம்பைப் பார்க்கச் சொல்லுங்கள், கருவிழித் தடிமனையும் அளக்கச் சொல்லுங்கள். மகளையும் கூட்டிப் போங்கள். ஸ்கேன் எடுப்பவரிடம் அவர் என்ன படித்தார், எங்கே படித்தார் என்று அவளே கேட்கட்டும்.