பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் சாட்டா கேபிளைப் புதியதில் செருகலாமா?

நீங்கள் கேட்டிருப்பது: மாடுலர் எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி, கேபிள்களைத் தனியே கழற்றி மாட்டும் வகை) போய்விட்டது, புதிது வாங்கியாயிற்று. கேபினெட்டுக்குள் இழுத்துக் கட்டிவைத்த, டிஸ்க்குக்கு மின்சாரம் கொண்டுபோகும் பழைய சாட்டா பவர் கேபிள் அப்படியே இருக்கட்டும், மறுமுனையை மட்டும் புதியதில் செருகிக்கொள்ளலாமா, கச்சிதமாகத்தானே பொருந்துகிறது?

வேண்டாம். தயவுசெய்து செருகாதீர்கள். இதையே செய்து 2 டிபி ஹார்ட் டிஸ்க்கை எரித்தவன் சொல்கிறேன். சுவிட்சைப் போட்டதும் ‘டிக்’ என்று ஒரு சத்தம், கூடவே கருகல் வாடை. டிஸ்க்கைத் திருப்பிப் பார்த்தால், பவர் வாய்க்குப் பக்கத்தில் மிளகளவு கறுப்பு டயோடு ஒன்று பிளந்து கிடந்தது. அதில் அப்பா பேசும் வீடியோக்கள் இருந்தன. அப்பா இப்போது இல்லை.

என்ன நடந்தது என்றால், கேபிளின் டிஸ்க் பக்கம் எல்லா நிறுவனத்துக்கும் ஒன்றுதான்: 15 பின்கள், 3.3, 5, 12 வோல்ட்டுகளுக்கு மும்மூன்று, மற்றவை பெரும்பாலும் கிரவுண்ட். எஸ்எம்பிஎஸ் பக்கத்துக்கு அப்படி ஒரு பொது விதியே கிடையாது. எந்த ஓட்டையில் 12, எந்த ஓட்டையில் 5 என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டப்படி வைத்துக்கொள்கிறது. ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்குள்கூட மாறலாம். ஆனால் வாய் மட்டும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கும். அதனால்தான் 5 வோல்ட் போகவேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் இறங்குகிறது.

அந்த டயோடு அதிக மின்னழுத்தத்தைத் தன்மேல் வாங்கிக்கொண்டு மற்றதைக் காப்பாற்றத்தான் இருக்கிறது. பல டிஸ்க்குகள் அதை எடுத்துவிட்டாலே ஓடும். என்னுடையது ஓடவில்லை, டிஸ்க்கின் அடியிலுள்ள சர்க்யூட் போர்டும் போயிருந்தது. அதே மாடல் போர்டு தேடிப்பிடித்து, பழைய போர்டில் அந்த டிஸ்க்குக்கே உரிய தகவல்களை வைத்திருந்த ரோம் சிப்பை அதில் மாற்றி வைத்த பிறகுதான் வீடியோக்கள் கிடைத்தன. டிஸ்க்கின் விலையைப் போல் பல மடங்கு செலவு.

ஆகவே புது எஸ்எம்பிஎஸ் பெட்டியில் வந்த கேபிளையே போடுங்கள். கூடுதலாக வேண்டுமென்றால் அதே மாடலுக்கானது என்று தயாரிப்பாளர் சொல்லும் கேபிளை மட்டும் வாங்குங்கள்.

முனைகள் போதவில்லை என்று ஸ்ப்ளிட்டர் தேடினால் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு சாட்டா பின் தாங்குவது 1.5 ஆம்பியர். 12 வோல்ட்டுக்கு மூன்று பின், ஆக 4.5 ஆம்பியர், 54 வாட். 3.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும்போது ஏறக்குறைய 2 ஆம்பியர் இழுக்கும். எனவே ஒரு சாட்டா முனையிலிருந்து இரண்டு டிஸ்க்குக்கு மேல் பிரிக்காதீர்கள். மோலெக்ஸிலிருந்து (பழைய வகை நான்கு பின் பவர் முனை) சாட்டாவுக்கு மாற்றும் அடாப்டர் என்றால், வயர்களோடு சேர்த்து ஒரே பிளாஸ்டிக் கட்டியாக வார்த்ததை வாங்கவே வேண்டாம். உள்ளே வயர்கள் நெருங்கி ஒட்டிக்கொண்டு உருகித் தீப்பிடித்த கதைகள் நிறைய. ஒவ்வொரு வயரும் தனித்தனியாக உள்ளே போவது கண்ணுக்குத் தெரியும் வகைதான் நல்லது.

சரியான கேபிள் போட்டும் புது டிஸ்க் சுழலவே இல்லையென்றால் பயப்படாதீர்கள். சில புதிய டிஸ்க்குகளில் மூன்றாம் பின்னுக்கு 3.3 வோல்ட் வந்தால் டிஸ்க் அணைந்தே கிடக்கும். மோலெக்ஸில் 3.3 கிடையாது என்பதால், மேலே சொன்ன நல்ல அடாப்டர் வழியாகக் கொடுத்தால் ஓடும்.

பழைய கேபிள்களை இன்றே கழற்றி, பழைய எஸ்எம்பிஎஸ்ஸோடு சேர்த்துக் கட்டி அப்புறப்படுத்துங்கள். என்னை மாட்டவைத்தது மேசை டிராயரில் பெயரில்லாமல் கிடந்த ஒரு கேபிள்தான்.