ஐம்பது பேர் ஊருக்கு இரண்டு மேயர்: மோட்லாரொய்ட் கேள்வி பதில்

ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தின் வடகிழக்குக் கோடியில், ஹோஃப் நகரத்தில் 11 வருஷமாக இருக்கிறேன். காரை எடுத்தால் இருபது நிமிஷத்தில் மோட்லாரொய்ட். சுமார் ஐம்பது பேர் வாழும் கிராமம். நடுவில் டான்பாஹ் என்று ஒரு ஓடை. இந்தப் பக்கம் பவேரியா, அந்தப் பக்கம் தூரிங்கியா மாநிலம். பனிப்போர்க் காலத்தில் ஓடையோரம் சுவர் நின்றதால் அமெரிக்கச் சிப்பாய்கள் 'குட்டி பெர்லின்' என்று பெயர் வைத்தார்கள். வீட்டுக்கு வருகிற விருந்தாளி ஒருத்தரையும் விடாமல் அங்கே இழுத்துக்கொண்டு போகிறவன் என்பதால் நண்பர்கள் என்னைப் பிடித்து உட்காரவைத்துவிட்டார்கள். கேளுங்கள்.

வரைபடப் பித்தன்: 1945ல் நேச நாடுகள் கோடு கிழித்தபோதுதானே இந்த ஊர் இரண்டானது?

எல்லோரும் கதையை அங்கேதான் ஆரம்பிக்கிறார்கள். ஆரம்பம் 1810. அந்த வருஷம் பாய்ரொய்ட் வட்டாரம் பவேரிய ராஜ்ஜியத்தின் கைக்கு வந்தது. எதிர்க்கரை ரொய்ஸ் என்ற குட்டி சமஸ்தானம். எல்லைக்கு ஏதாவது வேண்டும்; ஓடை கண்ணில் பட்டது; அதையே வைத்துக்கொண்டார்கள். கரையோரம் கல் நட்டார்கள். பவேரிய ராஜ்ஜியத்துக்கு ஒரு பக்கம் 'கேபி', ரொய்ஸ் சமஸ்தானத்துக்கு மறு பக்கம் 'எஃப்ஆர்' என்று பொறித்தார்கள். கல் இன்றைக்கும் நிற்கிறது. குனிந்து விரலால் தடவினால் பாசிக்கு அடியில் எழுத்து தட்டுப்படும்.

சரி, கல் நட்ட பிறகு ஊர் என்ன செய்தது? தன் பாட்டுக்கு இருந்தது. பள்ளிக்கூடமும் பீர் விடுதியும் ரொய்ஸ் பக்கம். சர்ச் பவேரியாவில், பக்கத்து ஊரான டோப்பனில். ஆகவே பவேரியப் பிள்ளைகள் படிக்க ஓடையைத் தாண்டினார்கள், அப்பன்மார் குடிக்கத் தாண்டினார்கள், ஞாயிற்றுக்கிழமை ரொய்ஸ்காரர்கள் சாமி கும்பிட எதிர்த்திசையில் தாண்டினார்கள். முதல் உலகப்போர் முடிந்து ராஜாக்கள் போனார்கள். 1920ல் ரொய்ஸ் தூரிங்கியாவோடு கலந்தது. கோடு அப்படியே கிடந்தது, யாரும் சட்டை செய்யவில்லை.

1945க்குப் பிறகுதான் அந்தக் கோட்டில் விஷம் ஏறியது. சோவியத் ராணுவம் கொஞ்ச காலம் பவேரியப் பாதியிலும் உட்கார்ந்திருந்துவிட்டு, 1946ல் ஓடைக்கு அந்தப் பக்கம் நகர்ந்தது. 1949ல் இரண்டு ஜெர்மனி: பவேரியா மேற்கில், தூரிங்கியா கிழக்கில். ஒரே தெருவில் இரண்டு நாடு. ஆனால் கோடு புதுசு இல்லை, பித்தரே. அதை மட்டும் மனதில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

தேநீர்க்கடை: அண்ணே, 1961ல் சுவர் எழும்பியபோது ஜனங்கள் சும்மாவா பார்த்துக்கொண்டிருந்தார்கள்?

1961 பெர்லினின் வருஷம். இங்கே அது செல்லாது. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: மோட்லாரொய்ட்டில் மரவேலி 1952, கான்கிரீட் சுவர் 1966.

என்னைக் கேட்டால் சுவரைவிட 1952தான் கொடுமை. அந்த மே மாதம் கிழக்கு ஜெர்மனி எல்லை நெடுகச் சட்டம் போட்டது. எல்லையை ஒட்டி 10 மீட்டர் உழுது போட்ட வெறும் மண்; மிதித்தால் கால்தடம் காட்டிக்கொடுக்கும். அடுத்து 500 மீட்டர் பாதுகாப்புப் பட்டை, அதற்குப் பின்னால் 5 கிலோமீட்டர் தடை மண்டலம். ஓடைக்கு அந்தப் பக்கத்து வீடுகள் அத்தனையும் அந்த 500 மீட்டருக்குள். சொந்த வீட்டில் இருக்கவே முத்திரை குத்திய தாள் வேண்டும். தூரத்து ஊரில் கட்டிக்கொடுத்த மகள் பார்க்க வருவதென்றால் அனுமதிச் சீட்டு, இல்லையென்றால் வரமுடியாது.

ஜூன் மாதம் 'நம்பத்தகாதவர்கள்' என்று பட்டியல் போட்டு எல்லையோரக் குடும்பங்களை லாரியில் ஏற்றி உள்நாட்டுக்கு அனுப்பினார்கள். அந்த நடவடிக்கைக்கு அரசாங்கக் காகிதத்தில் இருந்த பெயர் 'புழுபூச்சி'. சொந்த ஜனங்களுக்கு வைத்த பெயர்.

சும்மாவா பார்த்தார்கள் என்று கேட்டீர்கள். பார்ப்பதற்கே தடை இருந்தது. கிழக்குக் கரையில் நிற்பவர் மேற்குக் கரைக்குக் கையசைக்கக் கூடாது, வணக்கம் சொல்லக் கூடாது. நேற்று வரை வேலிக்கு மேலே கதை பேசிய பக்கத்து வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவார். 1966ல் சுவர் வந்தது. 700 மீட்டர் நீளம், மூன்று மீட்டருக்கு மேல் உயரம். அதன்பின் திருப்பிக்கொள்ளக்கூட முகம் தெரியவில்லை.

இரவுப்பறவை: யாராவது தாண்டித் தப்பினார்களா?

சுவர் வந்தபின் ஒரே ஒருவர். 1973ல், ஏணியோடு வந்து.

கால்நடை: நான் ஜூலையில் நியூரம்பெர்க் வருகிறேன். எப்படிப் போவது?

ஹோஃப் வரை ரயில். அதற்குமேல் பஸ்ஸை நம்பாதீர்கள், கார் எடுங்கள். ஒரு எச்சரிக்கை: அது காட்சிப்பொருள் மட்டுமல்ல, ஊர். சுவருக்குப் பக்கத்திலேயே ஆட்கள் குடியிருக்கிறார்கள். வீட்டு முற்றத்தில் ஏறி நின்று செல்ஃபி எடுக்காதீர்கள். நான் கூட்டிப்போன ஒருத்தர் கொடியில் காய்ந்த துணியை ஒதுக்கிவிட்டுக் காவல் கோபுரத்தைப் படம் பிடித்தார். அந்த வீட்டம்மா ஜன்னலைத் திறந்து ஒன்றும் சொல்லாமல் பார்த்தார். எனக்குத்தான் மானம் போனது.

சுண்டல்: 1961ல் பெர்லின் சுவரோடு சேர்த்தே இதையும் கட்டினார்களா?

மேலே படியுங்கள்.

பழைய ரேடியோ: அப்பா புஷ் அங்கே போனார் என்று கேள்விப்பட்டேன். நிஜமா?

நிஜம். 1983 பிப்ரவரி, அப்போது அவர் அமெரிக்கத் துணை ஜனாதிபதி. மேற்கு ஜெர்மன் பாதுகாப்பு அமைச்சர் மான்ஃப்ரெட் வோர்னரும் கூட வந்தார். அவர்களை விடுங்கள், சாதாரண ஜனங்களே பஸ் பஸ்ஸாக வந்து மேற்குக் கரையில் நின்று சுவரைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

இதில் பலருக்குத் தெரியாத சங்கதி: எல்லை சுவரில் இல்லை, ஓடையில். சுவர் சில அடி உள்ளே தள்ளி, முழுக்கக் கிழக்கு மண்ணில் நின்றது. சுவரைத் தொட்டுப் பார்க்கலாமே என்று ஓடையைத் தாண்டிய மேற்கத்தியர் கிழக்கு ஜெர்மனிக்குள் நுழைந்தவர். பிடித்துக்கொண்டு போகக் கிழக்குக் காவலர்களுக்கு உரிமை இருந்தது.

தேநீர்க்கடை: பெர்லின் திறந்த அன்றைக்கே இங்கேயும் உடைத்துவிட்டார்களா?

நல்ல கேள்வி. இல்லை. பெர்லின் 1989 நவம்பர் 9. இங்கே ஒரு மாசம் முழுசாகப் போய் டிசம்பர் 9ல்தான், அதுவும் நடந்து போக ஒரு வழி. டிவியில் பெர்லின்காரர்கள் சுவர்மேல் ஏறிக் குதிப்பதைப் பார்த்துக்கொண்டே இவர்கள் தங்கள் சுவருக்குப் பின்னால் முப்பது நாள் இருந்தார்கள். 1990 ஜூன் 17 அன்று புல்டோசர் வந்தது. 1953ல் கிழக்கு ஜெர்மானியர் கிளர்ந்தெழுந்த தேதியும் அதுவே. சுமார் 100 மீட்டரை மட்டும் இடிக்காமல் விட்டு அருங்காட்சியகம் ஆக்கினார்கள்.

நான்காம் வாய்ப்பாடு: இப்போது ஒரே நாடு. வித்தியாசம் ஏதும் மிச்சமிருக்கிறதா?

இருக்கிறதாவா! பவேரியப் பாதி டோப்பன் ஊராட்சியில், தூரிங்கியப் பாதி கெஃபெல் நகராட்சியில். பின்கோடு ஒன்று 95183, மற்றது 07926. தொலைபேசிக் குறியீடு வேறு. கார் நம்பர் பிளேட் இங்கே 'எச்ஓ', அங்கே 'எஸ்ஓகே'. ஜெர்மனியில் கல்வி மாநிலத்தின் கையில் என்பதால் பாடத்திட்டம், கோடை விடுமுறை எல்லாம் தனித்தனி. காலையில் எதிர்ப்பட்டால் இந்தக் கரையில் 'க்ரூஸ் கோட்', அந்தக் கரையில் 'கூட்டன் டாக்'.

எனக்குப் பிடித்தது அக்டோபர் கடைசி. 31ஆம் தேதி சீர்திருத்தத் திருநாள், தூரிங்கியாவில் லீவு. மறுநாள் புனிதர் அனைவர் திருநாள், பவேரியாவில் லீவு. ஒரு தடவை இரண்டு நாளும் போய்ப் பார்த்தேன். முதல் நாள் வடகரையில் ஜன்னல் சாத்திக் கிடந்தது, தென்கரையில் டிராக்டர் உறுமியது. மறுநாள் அப்படியே மாறிப் படுத்துக்கொண்டது ஊர்.

சட்டப்புள்ளி: இது கேலிக்கூத்து. ஜெர்மனியின் அரசியல் சாசனமான அடிப்படைச் சட்டத்தின் 29ஆம் பிரிவில் வழி இருக்கிறது. 50,000 பேருக்கு மேற்படாத பகுதியை மாநிலங்கள் ஒப்பந்தம் போட்டே மாற்றிக்கொள்ளலாம். ஐம்பது பேரை ஒரு பக்கமாகச் சேர்க்க ஒரு கையெழுத்து போதும்.

சட்டம் சரி. சேர்த்து என்ன ஆகப்போகிறது?

தேநீர்க்கடை: ஐம்பது பேருக்கு இரண்டு மேயர் சம்பளம் மிச்சமாகுமே!

ஆகாது. தலைப்பு வைத்து உங்களைக் கெடுத்தது நான்தான். ஒருத்தர் டோப்பனுக்கு மேயர், இன்னொருத்தர் கெஃபெலுக்கு மேயர். ஊரை ஒட்டவைத்தாலும் இரண்டு பேரும் நாற்காலியில்தான் இருப்பார்கள்.

சட்டப்புள்ளி: காசு பிரச்சினை இல்லை. நாற்பது வருஷம் பிரிந்து கிடந்த ஊர் இன்னும் பிரிந்தே இருப்பது அவமானம்.

வரைபடப் பித்தன்: சட்டப்புள்ளி சார், அவர் முதல் பதிலிலேயே சொன்னாரே, கோடு 1810லிருந்து இருக்கிறது. ஒட்டினால் நீங்கள் அழிப்பது ரொய்ஸ் சமஸ்தானத்து எல்லைக்கோடு, கம்யூனிஸ்ட் எல்லைக்கோடு இல்லை.

பித்தர் பிடித்துவிட்டார். ஊரைப் பிரித்தது எல்லை இல்லை. எல்லையில் நட்ட வேலியும், வேலிக்குப் பின்னால் நின்ற துப்பாக்கியும். அது போனதும் விவகாரம் முடிந்தது. இப்போது மிச்சமிருப்பது பள்ளிக்கூட லீவும் நம்பர் பிளேட்டும். அருங்காட்சியகத்தையும் இரண்டு பக்கமும் சேர்ந்தே நடத்துகிறார்கள்.

சட்டப்புள்ளி: பெர்லின் மட்டும் ஒன்றானதே?

பெர்லின் 1945க்கு முன்னால் ஒரே நகரம், ஒரே நிர்வாகம். இந்த ஊர் 1810க்குப் பிறகு ஒரே நிர்வாகத்தில் இருந்ததில்லை. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். 'குட்டி பெர்லின்' என்ற பெயரால் வந்த வினை இது.

சட்டப்புள்ளி: எனக்கு உடன்பாடில்லை.

வேண்டாம். வாருங்கள், ஹோஃபில் சாப்பிட்டுக்கொண்டே சண்டை போடலாம்.

புதுவரவு: சார், ஜெர்மனியில் வேலை விசா எடுப்பது எப்படி?

இங்கே இல்லை தம்பி. தூதரக இணையதளத்தைப் பாருங்கள்.

வெள்ளரி: 1961ல்...

1966.

நான்காம் வாய்ப்பாடு: கடைசியாக ஒன்று. அந்த ஓடை எவ்வளவு அகலம்?

என் மகள் ஆறு வயதில் ஒரே தாவாகத் தாவினாள். மழை நாளென்றால் ஷூ நனையும். பக்கத்திலேயே சின்னப் பாலம் இருக்கிறது, அதில் போங்கள்.