தரை எவ்வளவு மின்ன வேண்டும்?

கேள்வி: டொரன்டோ நகரின் ஸ்காபரோ பகுதியில், 1950களில் கட்டப்பட்ட ஒரு தனி வீட்டை வாங்கியிருக்கிறோம். வரவேற்பறையில் ஒட்டியிருந்த கம்பளத்தைப் பிரித்தபோது அடியில் சிவப்பு ஓக் பலகைத் தரை இருந்தது. அதை இழைத்துப் பாலியூரிதேன் என்னும் நிறமற்ற காப்புப் பூச்சைப் பூச வருகிறவர், மங்கலான மேட்டிலிருந்து மிகவும் மின்னும் கிளாஸிவரை, மேட், சாட்டின், செமி கிளாஸி, கிளாஸி ஆகிய நான்கில் எது வேண்டும் என்று கேட்கிறார். நன்றாக மின்னும் பூச்சுதான் உறுதியானது என்கிறார் என் மாமியார். என் கணவரோ மேட் போதும் என்கிறார். எதைத் தேர்ந்தெடுப்பது?
— ஸ்காபரோ வாசகி

பதில்: முதலில் உறுதியைப் பற்றிய ஐயத்தைத் தீர்த்துவிடலாம். ஒரே நிறுவனம் ஒரே பெயரில் விற்கும் பூச்சின் நான்கு வகைகளுக்கும் அடிப்படைப் பொருள் ஒன்றுதான். கிளாஸி பூச்சில் நுண்ணிய சிலிக்காத் தூளைக் கலந்தால், அது காய்ந்த மேற்பரப்பை மிக மெல்லிய அளவில் சொரசொரப்பாக்கி ஒளியைச் சிதறடிக்கிறது. தூள் கூடக் கூட மினுமினுப்பு குறைகிறது. தரை எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதைப் பூச்சின் தரமும், எத்தனை கை பூசினார்கள் என்பதும் தீர்மானிக்கின்றனவே தவிர, அதன் பளபளப்பு அன்று.

ஆகவே, உங்கள் வீட்டுத் தரையில் எந்த வெளிச்சம் விழுகிறது, எந்த அழுக்கு சேர்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். டொரன்டோவில் டிசம்பர் பிற்பகுதியில் நண்பகலிலும் சூரியன் ஏறத்தாழ 23 பாகை உயரத்துக்குத்தான் ஏறுகிறது. தெற்குப் பக்கம் பெரிய சன்னல் இருந்தால் அந்தச் சாய்ந்த வெயில் அறையின் உள்வரை தரையைத் தடவிக்கொண்டு வரும். அப்போது கிளாஸி தரையில் ஒவ்வொரு கீறலும், காலடித் தடமும், முந்தைய நாள் பெருக்காமல் விட்ட தூசியும் தனித்தனியாகத் தெரியும். சாலையில் தூவிய உப்பும் மணலும் குளிர்காலம் முழுவதும் காலணிகளோடு வாசல்வரை வந்துவிடும் ஊரில், கீறலே விழாத தரை என்று ஒன்று கிடையாது. கூடைப்பந்து அரங்குகளின் மேப்பிள் தரை கண்ணாடியாக மின்னுகிறதே என்று தோன்றலாம். அங்கே தெருக் காலணியோடு யாரும் நடப்பதில்லை, பல அரங்குகளில் ஆண்டுதோறும் ஒரு கை மேற்பூச்சும் கொடுக்கிறார்கள். மேலும், எழுபது ஆண்டுப் பழைய பலகைகளில் மேடுபள்ளங்களும் இழைப்பு இயந்திரத்தின் தடங்களும் சிறிதாவது எஞ்சியிருக்கும். அவற்றையும் கிளாஸி பூச்சு எடுத்துக் காட்டும்.

அதற்காக மேட் பூச்சுக்குப் போய்விடலாம் என்றும் சொல்லமாட்டேன். அது கீறலை நன்றாகவே மறைக்கும். ஆனால் ஓயாமல் நடக்கும் வழியில் தேய்ந்து தேய்ந்து அந்த இடம் மட்டும் மெருகேறி, சமையலறைக்குப் போகும் தடம் ஓர் ஒற்றையடிப் பாதை போலத் தெரியத் தொடங்கலாம். எண்ணெய்க் கறையும் அதில் எளிதில் கண்ணில் படும். தாளிப்பு நின்றுபோகாத வீடுகளில் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பளபளப்பை அளக்கும் கருவியில் மேட் ஏறத்தாழ 25, சாட்டின் 40, செமி கிளாஸி 55, கிளாஸி 70க்கு மேல் என்பது பொதுவான கணக்கு. நிறுவனத்துக்கு நிறுவனம் இது மாறும். உங்கள் வீட்டுக்கு நான் சாட்டினைத்தான் பரிந்துரைப்பேன். மாமியார் விரும்பும் கிளாஸி பூச்சிலும் ஒரு நன்மை இருக்கிறது: தூள் கலவாத பூச்சில்தான் ஓக்கின் ரேகைகள் மங்காமல் தெளிவாகத் தெரியும். கண்ணுக்குத் தெரியும் மினுமினுப்பைக் கடைசிக் கைதான் முடிவு செய்கிறது என்பதால், கீழ்ப்பூச்சுகளை அதே பொருளின் கிளாஸி வகையிலும் மேற்பூச்சை மட்டும் சாட்டினிலும் கொடுக்கச் சொல்லலாம்.

வேலை நடக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சிலிக்காத் தூள் டப்பாவின் அடியில் படிந்துவிடும். பூசுவதற்கு முன்பும் இடையிடையேயும் அடிவரை கிளற வேண்டும். குலுக்கினால் குமிழி வரும். கிளறாமல் பூசினால் அறையின் ஒரு பாதி பளபளத்து, மறுபாதி மங்கிக் கிடக்கும். பூசிய அன்றே மினுமினுப்பைக் கண்டு பதற வேண்டாம், எண்ணெய் வகைப் பூச்சு முழுமையாக இறுக ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும், அதற்குள் பளபளப்பும் சற்று அடங்கும்.

கேள்வி: மூன்று ஆண்டுகளுக்கு முன் கிளாஸி பூசினோம், இப்போது கண்ணைக் கூசுகிறது. சாட்டினாக மாற்றத் தரை முழுவதையும் மீண்டும் இழைக்க வேண்டுமா?
— மிசிசாகா வாசகர்

பதில்: வேண்டியதில்லை. பூச்சு மரம்வரை தேய்ந்திருக்காவிட்டால், மேற்பரப்பை மட்டும் லேசாக உரசிச் சொரசொரப்பாக்கித் தூசியைத் துடைத்தெடுத்து, ஒரு கை சாட்டின் பூசினால் போதும். ஆனால் இடையில் மெழுகோ, பளபளப்பு தருவதாகச் சொல்லும் துடைப்புத் திரவமோ போட்டிருந்தால் புதிய பூச்சு பிடிக்காமல் உரிந்துவரும். அதை மறைக்காமல் வேலைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி, ஒரு மூலையில் பூசிப் பார்க்கச் சொல்லுங்கள்.